பொருள்: ஏழு மணி பஸ்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுத ஆசைதான். இந்த மாதத்தோடு காலை ஏழு மணி பஸ்ஸை நிறுத்தப் போகிறார்களாம். உன் அத்தான் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போவது அதில்தான். அதை விட்டால் மதியம்தான் பஸ். அதற்குள் அவர் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். டாக்ஸி நமக்குக் கட்டுப்படியாகாது.

நீ சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் தினமும் கடிதம் பிரிக்கிறவன். எப்படி எழுதினால் படிப்பார்கள்? பெரிய உத்தியோகம் பார்க்கிறாயே, இதையாவது சொல்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு பக்கத்தைத் தாண்டாதே. உனக்கு இந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல். நாடு கெட்டுப்போச்சு என்று ஆரம்பிக்கிற கடிதத்தை நானே இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. அத்தானைப் பற்றி எழுது, ஊசி குத்திக் குத்தி வீங்கிய அந்தக் கையைப் பற்றி எழுது. திட்டாதே, உனக்குக் கஷ்டம்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேள்: பஸ் ஓடட்டும். தெருவில் மற்றவர்களையும் எழுதச் சொல்.

உன் தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டாமல் ஒரு பக்கம் எழுதினேன். வாசித்துக் காட்டியதும் தையல்காரர் மனைவி அழுதேவிட்டாள். "இதைவிட நல்லா யாரால எழுத முடியும்? நான் இப்படியே எழுதிக்கிறேன்" என்றாள். அவளைப் பார்த்துத் தெருவே எழுதியது, ஓர் எழுத்துகூடப் பிசகாமல், அறுபத்திரண்டு பேர். கல்யாணமே ஆகாத மெக்கானிக்கூட 'என் கணவருக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நேற்று எல்லாவற்றையும் தபாலில் போட்டாயிற்று. பத்து நாளாக அத்தான் முகத்தில் ஒரு தெளிவு.

உன் அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வாசகத்தில் வரும் கடிதங்களை இங்கே யாரும் படிப்பதில்லை. மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, கட்டாகக் கட்டி, 'ஒரு கருத்து' என்று பதிவு செய்வோம். கட்டியவன் நான்தான். முன்பே சொல்ல மறந்தது என் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. பஸ்ஸை நிறுத்த உறுப்பினர் பிப்ரவரியிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். நீ யோசனை கேட்டபோதே எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. கொஞ்ச நாளாவது நீ நம்பிக்கையோடு இருப்பாய் என்று நினைத்தேன். மன்னித்துவிடு அக்கா.

உன் தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

பஸ் நின்று பத்து நாள் ஆகிறது. மெக்கானிக் தனக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் கொண்டுபோய் விடுகிறான். அதனால் வாரத்துக்கு ஒரு தடவைதான். அத்தானுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

உங்கள் பதில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.' கீழே, உறுப்பினருக்காக, உன் கையெழுத்து. "பாத்தியா, நம்ம பையனே கையெழுத்துப் போட்டிருக்கான். சும்மா விடமாட்டான்" என்று சொல்லி, அத்தான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீ பார்க்க வர வேண்டாம். வந்தால், பஸ் எப்போது வரும் என்று உன்னிடம் கேட்பார்.

அக்கா