ஆணியில் தொங்கும் பனியன்

மண்ணரை, திருப்பூர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன்.

நான்கு வயதாகியும் பேசாதவளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். "பந்துன்னா பந்தைக் காட்டுங்க, அப்பான்னா அப்பாவைக் காட்டுங்க. அப்பத்தான் பாப்பா பேசுமுங்க" என்றார் டீச்சர். காட்ட ஆளில்லை. ஆணியில் நீங்கள் விட்டுப்போன பனியனைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். நேற்று "அப்பா" என்றாள். கட்டிப்பிடித்து அழுதேன்.

இன்று, தையலில் நீட்டி நிற்கும் நூல் பிசிறை வெட்டிக் கொடுக்க, பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை வந்தது. அவிழ்த்துக் கொட்டினேன். ஒவ்வொரு பனியனையும் தொட்டு "அப்பா, அப்பா" என்கிறாள். எனக்குக் கத்தரி பிடிக்கக் கை வரவில்லை.

அவளிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். என்னோடு நீங்கள் பேச வேண்டாம். ஒருமுறை வந்து அவள் முன்னால் நில்லுங்கள், போதும்.

பாப்பாவின் அம்மா