லைன் சரியில்லை

26 ஜூன் 2000
வீரு, நேற்று உன் கருமாதி முடிந்தது. ரக்கிரக்கி ஊரே வந்துபோனது. ஆக்லாந்தில் இருக்கும் உன் தங்கை சோனத்துக்கு மட்டும் தெரியாது. அவளுக்கு ஏழாம் மாதம். "புள்ள பொறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் உன் அப்பா.

29 ஜூன்
சோனம் போன் செய்தாள். "அண்ணன் ஏம்மா ஈமெயில் போடல?" என்று கேட்டாள். உன் அப்பா என்னிடமிருந்து போனை வாங்கி, "லைன் சரியில்லம்மா. சுவாவுல கலவரம் ஆனதுலேருந்து இப்படித்தான்" என்றார். கரகரவென்று சத்தமும் சேர்ந்துகொண்டது. நம்பிவிட்டாள்.
நம் லைன் எப்போது நன்றாக இருந்தது?

4 ஜூலை
உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். நீ செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். மோடம் கத்தி ஓய்ந்ததும் 14,400 என்று காட்டியது. மாட்டுவண்டி வேகம் என்பாய். சோனம் உனக்கு மூன்று ஈமெயில் எழுதியிருக்கிறாள். இந்திப் பேச்சு, இங்கிலீஷ் எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது வரும்போது அறுந்துபோனது. நவுசோரியிலிருந்து கோவிந்தம்மா துக்கம் கேட்க அதே லைனில் கூப்பிட்டிருக்கிறாள்.

5 ஜூலை
ஒற்றை விரலால் அடித்தேன். லைன் மோசம், நான் நன்றாக இருக்கிறேன், நீ நேரத்துக்குச் சாப்பிடு. கீழே உன் பேர். அனுப்பிவிட்டேன்.

21 ஜூலை
மழை. 9,600. நல்லது.

14 ஆகஸ்ட்
டெலிபோன் ஆள் யோகேந்திரா வந்தார். கரும்புக்காட்டு ஓரத்துப் பெட்டியைத் திறந்து, பச்சை பிடித்த கம்பியை வெட்டிவிட்டுப் புதிதாக இணைத்தார்.
"யாரு கூப்பிட்டா உங்கள?"
"உங்க பையன்தான் அக்கா. மே மாசம் குடுத்த புகார். ஆபீஸ்ல பாதிப் பேர் ஆஸ்திரேலியா போயிட்டாங்க, அதான் லேட்டு. அடுத்த மாசம் நானும் போறேன்."
"பழையபடியே விட்டுட முடியாதா?"
"நல்லா இருக்கே! ஊரே லைனுக்கு அழுவுது."
நீ இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. டீ கொடுத்தேன்.

15 ஆகஸ்ட்
45,333.
மத்தியானம் சோனம் போன். "லைன் சுத்தமா இருக்கே. அண்ணனக் கூப்பிடும்மா."
உன் அப்பா கரும்புக்காட்டில் இருந்தார். என்ன சொல்றது — எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல. சொல்லிட்டேன். எலிக்காய்ச்சல், ஆறு நாள், எல்லாம்.
அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.
"அப்போ அந்த ஈமெயில் யாரு போட்டது?"
"நான்தாம்மா."
வைத்துவிட்டாள்.

16 ஆகஸ்ட்
நான் சொல்லிவிட்டது தெரிந்ததும் உன் அப்பா சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கரும்புக்காட்டுக்குப் போய்விட்டார்.

9 செப்டம்பர்
மாப்பிள்ளை திரேன் கூப்பிட்டார். பையன். இருவரும் சுகம். "சோனத்துகிட்ட குடுங்க" என்றேன். தூங்குகிறாள் என்றார். பின்னால் அவள் குரல் கேட்டது.

12 செப்டம்பர்
சோனம் ஈமெயில் போட்டிருக்கிறாள். உனக்கு இல்லை, எனக்கு. இரண்டே வரி. குழந்தைக்கு அண்ணன் ஒரு பேர் யோசித்து வைத்திருந்ததாம், பிறந்த பிறகுதான் சொல்வேன் என்றதாம். அம்மா, உனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள்.
உன் நோட்டு, மேசை, கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துவிட்டேன். அவள் காத்திருக்கிறாள்.
என்ன பேர்டா, வீரு?