அழுகை எந்த வாத்தியம்

3 மார்ச் 1998, செவ்வாய்
பள்ளிக்கூடக் கேன்டீனில் வழக்கமான காலை. கூட வேலை செய்யும் நோலீன் ரேடியோவை அலறவிட்டிருந்தாள். ராக் இசைப் புதிர் நேரம். என் கணவன் கெல்வினின் இசைக்குழு எழுபத்தெட்டில் போட்ட அந்த ஒரே வெற்றிப் பாட்டைப் பற்றிக் கேள்வி: கடைசியில் இழுத்து இழுத்து அழுவதுபோல் வருமே, அது எந்த வாத்தியம்?

"ஏய் கிளெனிஸ், உன் வீட்டுக்காரர் பாட்டுடீ! போன் போடு, பரிசு நமக்குத்தான்!"

"கிட்டார்தான்" என்றேன். இருபது வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருவர் போன் செய்து கிட்டார் என்றார். இன்னொருவர் வில்லால் இழுத்து வாசிக்கும் ரம்பம் என்றார். இரண்டும் தப்பாம். வாத்தியமே இல்லையாம். பக்கத்து அறையில் ஒரு பெண் அழுததை டேப்பில் பிடித்துச் சேர்த்தார்களாம். குழுவின் டிரம்மர் இப்போதுதான் ஒரு பேட்டியில் சொன்னாராம்.

"யாரா இருக்கும் அவ?" நோலீன் கண்ணடித்தாள். நானும் சிரித்துவைத்தேன். சாசேஜ் ரோல் ஒரு தட்டு முழுக்கக் கருகிவிட்டது.

4 மார்ச்
கெல்வின் வேலைக்குப் போனதும் இசைத்தட்டைப் போட்டேன். ஐந்து முறை. மூச்சு ஓரிடத்தில் விக்கி நிற்கிறது.
அது நான்.

5 மார்ச், வியாழன்
கெல்வினிடம் கேட்டுவிட்டேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தவன் நிமிரவேயில்லை.

"எப்போ எடுத்தே?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தோமே... அந்த வாரம்."

அந்த வாரம். செத்துப் பிறந்தவளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். முகத்தைக் காட்டவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. "மறந்துடும்மா, அடுத்தது பொறக்கும்" என்றாள் நர்ஸ். பிறக்கவில்லை. நாங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டேப் ஓடிட்டிருந்துச்சு, கிளெனிஸ். நான் மெட்டுப் போட்டுட்டிருந்தேன். நீ அழ ஆரம்பிச்சே. உள்ள வர எனக்குத் தெம்பு இல்ல."

"டேப்ப நிறுத்தக்கூடவா தெம்பு இல்ல?"

எழுந்து கோப்பையைக் கழுவப் போனான்.

ஒரு கதவுதானே. ஒரே ஒரு கதவு. திறந்துட்டு வந்திருந்தா என்ன? உன் பேரைச் சொல்லித்தானேடா கத்தினேன் —

8 மார்ச்
பல்லாரட்டில், தங்கை பெரில் வீட்டில் இருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, என் கல்யாணத்துல அதுக்குத்தானே எல்லாரும் ஆடினோம்."

நானும்தான் ஆடினேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு.

11 மார்ச்
சூப்பர்மார்க்கெட்டில் அந்தப் பாட்டு. கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

19 மார்ச்
ஜீலாங்கில் எங்கள் வீட்டிலிருந்து கெல்வின் போன் செய்தான். பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து சிடியாகப் போடுகிறார்களாம்.

"அந்த அழுகைய எடுத்துடச் சொல்றேன். நீ சரின்னு மட்டும் சொல்லு."

சொல்லத்தான் வாயெடுத்தேன். எடுத்துவிட்டால்? அவளுக்குப் போட்டோ இல்லை, கல்லறை இல்லை. அவள் இருந்தாள் என்பதற்கு என் அழுகையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

"இருக்கட்டும், விடு."

"அப்போ உன் பேரையாவது போடச் சொல்லட்டுமா?"

"என் பேர் வேண்டாம். எழுதிக்கோ." இரண்டே வார்த்தை சொன்னேன்.

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன். திரும்பி வா என்று அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

13 ஜூன், சனி
பெரில் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளிச் சின்ன வீடு பார்த்து வந்துவிட்டேன். பேக்கரியில் வேலை. இன்று தபாலில் சிடி வந்தது. கடிதம் எதுவும் இல்லை. பெரில்தான் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த தாளில் வாசித்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"'குரல்: மார்னியின் அம்மா.' யாருக்கா மார்னி?"

"என் பொண்ணு" என்றேன்.