வார்னிஷ் அடித்த மதர்போர்டு

இன்று காலை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நின்றுகொண்டு, புது மதர்போர்டு ஒன்றைப் பையிலிருந்து உருவி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, போதாததற்கு மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்துவிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னாம்மா, மீனா வாங்கறீங்க?" என்று கேட்டார். மானம் போயிற்று. இந்த வியாதி எனக்கு யாரிடமிருந்து ஒட்டியது என்று உனக்குத் தெரியாதா என்ன? செத்து ஆறு மாதமாகியும் கட்டினவளை விட மாட்டேன் என்கிறாய்.

புது போர்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. பிசினும் ஈயமும் கலந்தது. உன் பட்டறைச் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கும்போது எழும்பும் வாசனைக்குத் தூரத்துச் சொந்தம். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னைத் திட்ட வேண்டுமென்றால் உன்னிடம்தானே திட்ட முடியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ராயபுரத்தில் துறைமுகச் சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஏஜென்ட் ஆபீசில் பன்னிரண்டு வருஷம் டைப் அடித்தவள் நான். கம்ப்யூட்டர் வந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பில் சேர்ந்து, என் பாதி வயசுப் பெண்களோடு உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பத்திரிகை, நோட்டீஸ் அமைக்கும் டி.டி.பி. கற்றுக்கொண்டேன். பிரஸ் வைத்திருந்த பெரியவர் ஒருவர் என் வேலையைப் பார்த்துவிட்டு, "வூட்ல மிஷின் கீதாம்மா? ஆவணி பொறந்தா கல்யாணப் பத்திரிகை வேல கொட்டும். அதுக்குள்ள மிஷின் போட்டுட்டீன்னா எல்லாத்தையும் உனுக்கே குடுக்கறேன். இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார். அப்போது வைகாசி. முழுசாக இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருந்தது. இன்னொருவன் ஆபீசில் போய் நிற்காமல், என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்து நான் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஆவணிக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

நீ என்ன சொன்னாய்? "ரெடிமேடுலாம் வாணாம்மே. சாமான் வாங்கினு வந்து நானே மாட்டிக் குடுக்கறேன்." திருவொற்றியூரில் எந்தக் கம்பெனியில் மோட்டார் எரிந்தாலும் உன் பட்டறைக்குத்தான் வரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, அதன்மேல் வார்னிஷ் ஊற்றி, பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்துக் காயவைத்துக் கொடுப்பாய். அந்தக் கைக்கு ஒரு கம்ப்யூட்டர் பெரிய விஷயமா என்று நானும் நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

மற்ற சாமான் எல்லாம் இரண்டே வாரத்தில் வந்து சேர்ந்தன. மதர்போர்டில்தான் போய் மாட்டிக்கொண்டாய். "மத்ததலாம் எப்ப வோணா மாத்திக்கலாம். இது சரியில்லன்னா மொத்தமும் பேஜாரு" என்பது உன் கட்சி. சனிக்கிழமைதோறும் மத்தியானமே பட்டறையை மூடிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனாய். ஆறு சனிக்கிழமை. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு பஸ் ஏறும்போது எனக்கு வயிறு எரியும்.

கடைக்காரர்கள் காட்டிய போர்டுகளில் படத்துக்கும் சத்தத்துக்கும் வேண்டியது எல்லாம் பலகையிலேயே சேர்ந்து வந்தது. தனியாகக் கார்டு வாங்கிச் செருகுகிற தொல்லை இல்லை. பத்திரிகை அடிக்கிற எனக்கு அது தாராளம். உனக்கு ஆகவில்லை. "எல்லாத்தையும் ஒரே பலகைல ஒட்டிட்டான்னா, நாளைக்கி ஒன்னு பூட்ச்சின்னா மொத்தத்தியும் தூக்கிக் கடாசணும். ஸ்லாட்டு நெறையா கீறதா எடுப்பா" என்பாய். எடுத்துக் கொடுத்தால் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பாய். கனமாக இருந்தால் நல்ல சரக்காம். திருப்பிப் போட்டு ஈயம் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் தடவுவாய். அப்புறம் மோந்து பார்ப்பாய். கடைசியில், "இதுக்கு வார்னிஷ் கோட்டிங் உண்டா?" என்று கேட்பாய். அந்தத் தெருவில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை.

ஒரு கடைக்காரர் பொறுமை இழந்து, "அண்ணே, பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்கண்ணே" என்றார். நீ சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுக்கச் சொன்னாய். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று எழுதிவைக்கும் உன் நோட்டில் மதர்போர்டுக்கென்று தனிப் பக்கம் போட்டிருந்தாய். பஸ்ஸில் வாங்கிப் பார்த்தேன். கடை, ஸ்லாட், அதற்குப் பக்கத்தில் 'கைக்கனம்' என்று ஒரு கட்டம். ஒன்றுக்கு நேரே 'சுமார்' என்று எழுதியிருந்தாய். ஓடுகிற பஸ்ஸிலிருந்து அந்த நோட்டை வெளியே எறிந்திருப்பேன், ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருந்ததால் பிழைத்தது.

ஆனி போய் ஆடி வந்தது. "ஆடில புச்சா ஒன்னும் வாங்க வாணாம்மே" என்று ஆரம்பித்தாய். ஆடி முடிந்தால் ஆவணிதான் என்பதை அன்றைக்குத் தெருவே கேட்கிற மாதிரி எடுத்துச் சொன்னேன். அதற்கடுத்த சனிக்கிழமை ஒருவழியாக வாங்கினாய். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்தாயா? அதுவும் இல்லை. நேராகப் பட்டறைக்கு எடுத்துப் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தினத்தாளில் சுற்றி எடுத்து வந்தாய். வீடு முழுக்க வார்னிஷ் நெடி. பிரித்துப் பார்த்தால் பலகை முழுக்கப் பொன்னிறத்தில் மினுங்குகிறது. ஸ்லாட்டுகளுக்கெல்லாம் பஞ்சு டேப் சுற்றி மறைத்துவிட்டு, மோட்டாருக்கு அடிப்பதுபோல் இரண்டு கோட்டிங் அடித்து, பல்புப் பெட்டிக்குள் வைத்துக் காயவைத்திருக்கிறாய்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?" என்று கத்தினேன்.

"நம்ம உப்புக் காத்து எப்டின்னு தெர்யாதா உனுக்கு? காத்திவாக்கத்துல நம்ம தோஸ்து வாங்குன கம்ப்யூட்டரு ஒரு மழைக்குத் தாங்கல. உள்ள தொறந்து பாத்தா பச்சையா பூத்துக் கெடக்குது. இது பத்து வருசம் நிக்கும்மே" என்றாய்.

நீ சொன்னதில் நியாயம் இருந்தது. நம் வீட்டு ஜன்னல் கம்பி கையோடு உதிர்ந்து வருவது எனக்கும் தெரியும். ஆனால் மோட்டார் வேறு, இது வேறு என்று யாராவது உனக்குச் சொல்ல முடியுமா?

நீ வாங்கிய கேபினெட் பெட்டி பழசு. போர்டு இரும்புத் தகட்டில் பட்டு ஷார்ட் ஆகிவிடாமல் தூக்கி நிறுத்தும் பித்தளைக் கால்கள் அதில் இல்லை. கடையெல்லாம் மூடியிருந்தது. "லேத்துக்காரன்கிட்ட சொல்லி ஒம்போது காலு கடஞ்சி எட்த்தாந்துடறேன். அதுவரிக்கும் கை வெக்காத" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய்.

இதுவரை ஊருக்கே தெரிந்த கதை. இதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினோரு மணிக்குப் போனவன் மூன்று மணியாகியும் வரவில்லை. ஒன்பது பித்தளைக் காலையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பெரியவருக்கு ஒரு மாதிரிப் பத்திரிகை அடித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வகுப்பில் ஒருமுறை மிஷின் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், இதென்ன பிரம்மவித்தையா என்று தோன்றியது. போர்டை நேராகத் தகட்டின்மேல் வைத்து இரண்டு ஸ்க்ரூ முடுக்கினேன். மற்றதைச் செருகி, ஒயர்களைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டேன்.

பட் என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு கருகல் வாசனை.

எல்லாவற்றையும் கழற்றி, போர்டை நீ வைத்தபடியே தினத்தாளில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டேன். நீ வந்தாய். பொட்டலத்தைப் பிரித்து, ஒன்பது பித்தளைக் கால்களையும் திருகி, அவ்வளவு நிதானமாக, அவ்வளவு பொறுப்பாக மாட்டினாய். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டாய். ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டாய். கழற்றி மாட்டிப் போட்டாய். பொழுது சாய்கிறவரை போட்டுப் பார்த்தாய்.

பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "வார்னிஷ் எங்கியோ உள்ள பூந்துகிச்சி போல கீதும்மே" என்றாய்.

"நான் அப்பவே கத்தனேன்ல. கேட்டியா நீ?" என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வாயில் வந்தது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

மறுநாள் நானே தனியாக ரிச்சி தெருவுக்குப் போய், எல்லாம் சேர்ந்த போர்டு ஒன்றைப் பத்தே நிமிஷத்தில் வாங்கி வந்தேன். நீ அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பித்தளைக் கால்களின்மேல் மாட்டிக் கொடுத்தாய். ஆவணி வேலை கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை என் நாற்காலியில் உட்கார்ந்து என் சோற்றை நானே சம்பாதித்துக்கொள்கிறேன். அந்தப் போர்டு ஏழு வருஷம் உழைத்துவிட்டுப் போன வாரம்தான் போனது. நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நீயாவது சும்மா இருந்திருக்கலாம். பட்டறையில், டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "எம் பொண்டாட்டி மிஷினுக்கு வார்னிஷ் அடிச்சி நானே கொன்னுட்டேம்பா." கேட்டவர்கள் உனக்கு வார்னிஷ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உன் சொந்தப் பெயர் சொல்லி விசாரித்தால் நம் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. வார்னிஷ் என்று யாராவது வாசலில் கூப்பிடும்போதெல்லாம் உள்ளே எனக்குச் சுருக்கென்று இருக்கும். நீயோ "இன்னா நைனா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போவாய்.

ஒருநாள் பட்டறைக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். நீ வெளியே போயிருந்தாய். அந்தச் செத்த போர்டைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தாய், வருகிறவர்களுக்குக் காட்டிச் சிரிக்க. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வார்னிஷ் பொங்கி, அதற்கடியில் செம்பு கறுத்துக் கிடந்தது. தகட்டில் பட்டு எரிந்தது என்று யார் பார்த்தாலும் தெரியும். கருகிய மோட்டாரைத் தெருமுனையில் வரும்போதே மோப்பம் பிடிக்கிற ஆள் நீ. கடை கடையாகப் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், இதை மட்டும் பார்க்காமலா ஆணியில் மாட்டினாய்?

தெரிந்திருந்தால் கேட்டிருக்க வேண்டியதுதானே? ஒரு முறை, ஒரே முறை, "ஏம்மே, நீதானே?" என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சண்டை போட்டு முடித்திருப்பேன். ஒருமுறை பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது நானே வாயெடுத்தேன். "அந்த மதர்போர்டு இருக்குல்ல..." என்றதும், "வுடும்மே, அதான் நீ நல்லதா ஒன்னு எட்த்தாந்துட்டியே" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிட்டாய். தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? இந்தக் கேள்வியை என் தலையில் கட்டிவிட்டு நீ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. உன்மேல் பாதி, என்மேல் பாதி.

மாசி மாதம் நீ பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அன்று மத்தியானம் உன் தோஸ்துகள் உன் போட்டோவோடு வந்து நின்றார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டுமாம். கடை எதுவும் வேண்டாம், நானே அடிக்கிறேன் என்றேன். அழுதுகொண்டே மிஷின் முன்னால் உட்கார்ந்து உன் பெயரை அடித்தேன்.

பின்னால் நின்ற லேத்துக்காரர், "அண்ணி, கோச்சிக்காதீங்க. பேருக்கு முன்னாடி வார்னிஷ்னு போடுங்க. இல்லன்னா யாருன்னே தெர்யாது" என்றார்.

அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருந்தால் அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ உள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருந்தாய். நான் வார்னிஷ் என்று அடித்தேன். "இன்னும் பெருசா, தூரத்துலேர்ந்து தெர்ற மாதிரி" என்றார்கள். பெரிதாக்கினேன்.

பிரஸ்காரப் பெரியவர் அச்சு மிஷினில் ஏற்றுவதற்கு முன்னால் போன் செய்து, வழக்கம்போல, "தப்பு இன்னாவது கீதாம்மா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அப்படியே ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.