ஒற்றைச் செருப்பும் நீ சொன்ன சொல்லும்

மழை வந்துவிட்டதே என்று குடையை எடுக்கப் பரணில் கையை விட்டேன். குடை வரவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த அந்தச் செருப்பு என் தோளில் விழுந்தது. பெண்கள் போடும் ரப்பர் செருப்பு. ஐந்தாம் நம்பர், நீல வார், இடது கால் மட்டும். நீ போய் ஓராண்டாகிறது. ஓராண்டாக அது என் வீட்டில் கிடக்கிறது. எறிந்துவிடலாம் என்று நான்கு தடவை குப்பைத்தொட்டி வரை கொண்டுபோனேன். நான்கு தடவையும் திரும்ப எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். என் முழங்காலைப் பற்றி நீ என்றைக்கு யோசித்தாய்?

நீ வில்லன். வாரம் முழுக்கத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, ஞாயிறு மாலை மைதானத்தில் கட்டிய மேடையில் மல்யுத்தம். பேசி வைத்துப் போடும் சண்டைதான். கதாநாயகன் ஜெயிப்பான், நீ தோற்பாய். அது பார்க்க வந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் உன்மேல் கோபப்பட வைக்க வேண்டும், அதுதான் உன் தொழில். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். நான் எம்.ஏ. முடித்து டிராம்பேயில் ஒரு அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை மொழிபெயர்க்கும் வேலைக்குப் போனேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே போன கதையை நூறு தடவை உன்னிடம் சொல்லியிருப்பேன். நூறு தடவையும் கொட்டாவி விட்டாய். மேடையில் நீ பேசிய வசனமெல்லாம் நான் எழுதியது. ஒரு பேனரிலாவது என் பெயரைப் போட்டாயா?

சனிக்கிழமை நீ சந்து சந்தாகச் சுற்றி ஊர்க் குறைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாய். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கமிட்டியில் யார் யாரோடு பேசுவதில்லை. அதை வைத்து நான் எழுதுவேன். மறுநாள் நீ மைக்கைப் பிடித்து, இந்தியில் பாதி தமிழில் பாதியாக, "அரை மணி நேரம் தண்ணி வருது, அதுல மூஞ்சி கழுவத் துப்பில்ல, என்கிட்ட கை ஓங்க வந்துட்டீங்களா?" என்பாய். மைதானமே கத்தும். செருப்புகள் பறக்கும்.

எறிந்த செருப்பையெல்லாம் கோணியில் அள்ளிக் கட்டி, திங்கள் காலையில் மைதான வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உரியவரிடம் நீயே திருப்பிக் கொடுப்பாய். வேறு எந்த ஊர் வில்லனுக்கும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வெடித்த உதட்டோடு நீ உட்கார்ந்திருக்க, நேற்று உன்னைக் கொல்லப் பாய்ந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள்.

"ஏலே, இது யாரு செருப்பு? நாத்தம் தாங்கல. இத எறிஞ்சிருக்கவே வேண்டாம், காட்டியிருந்தாலே நான் விழுந்திருப்பேன்."

அந்த அக்கா மட்டும் தலையைச் சொறியமாட்டார். முன்வரிசையில் ஓரத்து நாற்காலி அவருடையது. மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, அதை உனக்காகச் செலவழித்தார்.

"என்னடா வில்லா, நேத்து கண்ணுல பட்டுச்சா?"

"குறி என்னவோ கண்ணுக்குத்தான்க்கா. பட்டது காதுல."

"அடுத்த வாரம் பாரு."

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போவார். உன்னைத் திட்டுவதற்கும் உன்னோடு சிரிப்பதற்கும் நடுவே அந்தக் கோணி இருந்தது. அது உனக்குப் புரிந்திருந்தது என்று நான் நம்பினேன். அதனால்தான் இன்றுவரை எரிச்சல் தீரவில்லை.

கூட்டம் குறைய ஆரம்பித்த சமயம் அது. கல்யாண் நகரிலிருந்து வந்த புது மல்யுத்தக் குழு ஒன்று சாதியையும் மதத்தையும் சொல்லித் திட்டி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. நீயும் ஒரு வசையைக் கொண்டுவந்தாய். பெருக்குகிறவர்களின் சாதிப் பெயரைத் திரித்துச் செய்த வசை. கதாநாயகனைப் பார்த்துச் சொல்லப்போவதாகச் சொன்னாய். அதை இங்கேயும் நான் எழுதமாட்டேன்.

"வேண்டாம்டா. குழாயைப் பத்திப் பேசு, கமிட்டியைப் பத்திப் பேசு. பிறப்பைப் பத்திப் பேசாதே."

"சனம் கொதிக்கணும்லா? கொதிக்காட்டி வில்லன் எதுக்குலே? நானா சொல்லுதேன்? வில்லன் சொல்லுதான். கெட்டவன் கெட்டதத்தான் பேசுவான்."

"வில்லன் வீட்டுக்குப் போயிடுவான். சொல் மைதானத்துலயே கிடக்கும்."

"எழுதுத, உனக்கென்ன. நாற்காலி காலியா கெடக்குது எனக்குத்தான தெரியும்?"

நீ அந்த ஞாயிறு அதைச் சொன்னாய். அதுவரை கேட்காத கூச்சல் எழுந்தது. நீ அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டாய். நான் கூட்டத்துக்குள் நின்றிருந்தேன். அங்கே பாதிப் பேர் உன்மேல் கோபப்படவில்லை. கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், அதையே திருப்பிச் சொன்னார்கள். குழாயைச் சொல்லித் திட்டியபோது மைதானம் மொத்தமும் உனக்கு எதிராக நின்றது. அந்தச் சொல்லைச் சொன்னதும் பாதி மைதானம் உன் பக்கம் வந்துவிட்டது. ஒரு வில்லனுக்கு அதைவிடப் பெரிய தோல்வி உண்டா? இந்தக் கணக்கு ஏன் உனக்குப் புரியவில்லை?

அக்கா எழுந்தார். சிரிக்கவில்லை. இடது கால் செருப்பைக் கழற்றி எறிந்தார். அது உன் மார்பில் பட்டு விழுந்தது. ஒற்றைக் காலில் செருப்போடு, யார் முகத்தையும் பார்க்காமல் மைதானத்தைக் கடந்து போனார். திங்கள் காலையில் எல்லோரும் வந்தார்கள். அவர் வரவில்லை. கோணியின் அடியில் அந்த நீல வார்ச் செருப்பு மட்டும் கிடந்தது. நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். அதோடு சரி. ஒன்பது வருஷம்.

நீ போன செய்தி வந்தபோதும் நான் உடனே வரவில்லை. பதினாறாம் நாள்தான் வந்தேன். உன் மனைவி காபி கொடுத்துவிட்டு இந்தப் பையைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, இது உங்களுக்குத்தான்னு சொல்லி வச்சிருந்தாக."

"எனக்கு எதுக்கும்மா?"

அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. மூன்று வாரம் நீ அந்த அக்காவைத் தேடியிருக்கிறாய். பெருக்குகிறவர்கள் காலையில் கையெழுத்துப் போடும் சௌக்கி வாசலில் அவரைப் பிடித்துச் செருப்பை நீட்டியிருக்கிறாய். அவர் வாங்கவில்லை.

"'எறிஞ்சது எறிஞ்சதுதான், நீயே வச்சுக்க. வாயத் தொறக்குமுன்ன ஒரு தடவ இதப் பாத்துக்க'ன்னு சொல்லிட்டாகளாம். அன்னையிலேருந்து உடுப்பு மாத்துற எடத்துல ஆணியில மாட்டி வச்சிருந்தாக அண்ணே. அப்படி ஒரு வார்த்த அதுக்குப் பெறகு அவுக வாயில வரல. கூட்டம் கொறஞ்சுதான் போச்சு. அந்த ஓரத்து நாற்காலியில மட்டும் யாரையும் உக்கார விடமாட்டாக."

"அக்கா திரும்ப வந்தாங்களா?"

"இல்லண்ணே."

இதை ஒரு போன் போட்டு என்னிடம் சொல்வதற்கு என்ன? ஒன்பது வருஷம் உன்னை மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேனே! அது சரி, செருப்பு எனக்கு எதற்கு என்று மறுபடியும் கேட்டேன். உன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன் பங்கும் இருக்குன்னு சொன்னாக. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரிந்தது. மேலே நம் பேச்சை எழுதினேன் அல்லவா, அதில் கடைசி வரியை விட்டுவிட்டேன். இத்தனை வருஷமும் விட்டுவிட்டுத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்காலி காலி என்று நீ சொன்னதும், குழுவில் அத்தனை பேர் நிற்க, "தோல் பட்டறைப் புத்தி உன்னை விட்டு எங்கே போகும்?" என்றேன். அது வில்லன் பேசியதல்ல. எழுதி வைத்த வசனமும் அல்ல. நீ சிரித்தாய். தோல் பட்டறையில் இருப்பவனைப் பார்த்து அதை எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று நம் இருவருக்கும் தெரியும். அதற்குப் பதிலடியாகத்தான் மேடையில் அந்த வசையைச் சொன்னாயோ, எப்படியும் சொல்லத்தான் இருந்தாயோ, எனக்குத் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது. இதுவும் உன் வேலைதான்.

இன்று குடை வாங்கக் கிங்ஸ் சர்க்கிள் போனேன். வழக்கமான ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையில் நாலு பையன்கள் போனில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல தமிழ்ப் பையன்கள், பேச்செல்லாம் இந்தியில். திரையில் ஒரு வில்லன் நீ சொன்ன அதே சொல்லைச் சொல்கிறான், இவர்கள் மேஜையைத் தட்டுகிறார்கள். எனக்கு மண்டைக்கு ஏறியது. எழுந்து நின்றுவிட்டேன். இவர்களுக்குத் தோதாக ஒரு சொல் பல்லுக்கு இடையில் வந்து நின்றது. இவர்கள் எந்தச் சந்திலிருந்து வந்திருப்பார்கள் என்பதைக் குத்திக் காட்டும் சொல்.

"க்யா ஹுவா அங்கிள்?" என்ன ஆச்சு என்று ஒரு பையன் கேட்டான்.

அந்த நீல வார் கண் முன்னால் வந்தது. சொல்லை விழுங்கினேன். காபியைவிடச் சூடாகத் தொண்டைக்குள் இறங்கியது.

"அந்த ஆள் தோத்துட்டான்பா," என்றேன்.

"இல்ல அங்கிள், மேட்ச் இன்னும் முடியல."

"முடிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டு வந்தேன். குடை வாங்க மறந்து நனைந்துகொண்டே வந்தேன்.

பேனர் விஷயத்தை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் செருப்பைப் பரணில் போடவில்லை. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், வெளியே போகும்போது கண்ணில் படுகிற உயரத்தில். அக்காவின் குறி தப்பும் என்று நீ சொன்னதெல்லாம் பொய். உன் மார்பில் பட்டு விழுந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கூட்டத்தில் நின்ற என்னையும் தேடி அது வந்துகொண்டிருந்திருக்கிறது.