கேசட் கடைச் சந்து

புக்கிட் பெருந்துங்,
திங்கள்.

அன்பு மகள் கிளாரிஸ்ஸாவுக்கு அப்பா எழுதுவது. உன்னையும் மருமகனையும் மாதா காப்பாற்றட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அம்மா வலது காலை இழுத்து இழுத்து வாசல் வரை நடக்கிறாள், பேச்சு இன்னும் குழறுகிறது. சமையல் நான்தான், மூன்று நாளாக ஒரே ரசம், எனக்கே அலுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தாமதமாக வந்தார் என்று புகார் எழுதி வைத்திருப்பதாக நேற்றுப் போனில் சொன்னாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் ஊம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரில் யாரம்மா ஜாலான் இன்னது என்று தெருப் பெயர் சொல்லி வழி காட்டுகிறார்கள்? உன் கல்யாணப் பத்திரிகையில் கூடக் கேசட் கடைச் சந்து என்றுதானே அச்சடித்தோம். தீபாவளிக்கு வந்த படத்தின் வீடியோ கேசட்டை அங்கே வாடகைக்கு எடுத்து ஆறு வீடு முறை வைத்துப் பார்ப்போம், நம் முறை வரும்போது திரை முழுக்கக் கோடு, அப்படியும் நீ அழுது அழுது பார்ப்பாய். அந்தக் கடை டோபிக் கடையாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மெட்ராஸ் நடிகரைப் பார்க்க நீ என் தோளில் ஏறி உட்கார்ந்த கலை இரவுத் திடலில் இப்போது லோரி நிறுத்துகிறார்கள். எங்கள் வாயில் மட்டும் அதே பெயர்கள். அன்று மத்தியானம் அம்மா பக்கவாதம் வந்து அடுப்படியில் விழுந்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு அதைத்தான் சொன்னேன், கேசட் கடைச் சந்தில் திரும்பி, கலை இரவுத் திடலைத் தாண்டி நாலாவது வீடு என்று. போனை எடுத்த பெண் ஜாலான் பெயரையும் வீட்டு எண்ணையும் மூன்று முறை கேட்டாள். எனக்கு வாயில் வரவில்லை, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். ஓட்டுநர் வெளியூர்ப் பையன், அவன் கேட்டவர்களும் புதிதாகக் குடிவந்தவர்கள். இருபது நிமிடம் சுற்றியிருக்கிறான். எண் நம் கேட்டிலேயே தொங்குகிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து சேர்ந்ததும் அவன்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டான், நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு இது தெரியும். தரையில் கிடந்தபடி நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு மாதமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளகிட்ட சொல்லாதீங்க, அப்புறம் உங்ககிட்ட பேச மாட்டா” என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.

புகாரைக் கிழித்துப் போட்டுவிடு, அந்தப் பையன் பிழைப்பில் கை வைக்காதே. உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை மட்டும் நிறுத்திவிடாதே, நான் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவதாஸ்