கரி அறைக் கதவு

ஈரி, பென்சில்வேனியா
மே 19

அன்புள்ள அண்ணன் மார்ட்டிக்கு,

இந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவேன் என்று போகும்போது சொன்னாய். அப்படியும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். அலாஸ்காவில் கோடியாக் துறைமுகத்தின் தபால்பெட்டி எண்ணைத் தவிர உன்னைப் பிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. உறைமேல் என் பெயரை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறேன், அப்பா எழுதியது என்று நீ நினைத்துவிடாமல் இருக்க.

நான் படித்து முடித்துவிட்டேன். நம் குடும்பத்தில் யாரும் வாங்காத பட்டம். மாவட்ட நூலகத்தில் வேலையும் கிடைத்தது. தனி வீடு எடுக்க வழியில்லாததால் மார்ச்சில் இங்கேயே திரும்பினேன். அப்பாவுக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். நிலவறையை இடித்துக் கட்டி எனக்கு ஒரு படுக்கையறை போடப் போவதாகச் சொன்னார். "பட்டம் வாங்கினவ மேசை போட்டு உக்காந்து படிக்கணும்ல" என்று அம்மாவிடம் பெருமை பேசினார். ஒரு வாரம் நானும் அந்தச் சந்தோஷத்தை நம்பினேன்.

மதிப்பீடு கேட்டு மூன்று காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டார். முதலில் வந்தவர் இளைஞர். அளந்து முடித்துவிட்டு, நிலத்துக்குக் கீழே படுக்கையறை என்றால் ஆள் ஏறி வெளியேறும் அளவுக்கு ஒரு சன்னல் வைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நகராட்சி அனுமதி தராது என்றார். அப்பாவின் கழுத்து சிவந்ததைப் பார்த்ததும் நான் படியில் இரண்டு எட்டுப் பின்னால் போனேன். "என் வீட்ல எவ எந்த வழியா வெளிய போகணும்னு ஊர்க்காரனா சொல்லுவான்?" என்று கேட்டபடி மண்வாரியை எடுத்துக்கொண்டு அவரைத் தெருவரை துரத்தினார். அவருடைய வேனின் பக்கக் கண்ணாடியை உடைத்தார், முன்விளக்கையும் உடைத்தார். இரண்டாமவர் இதை யாரிடமோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். வாசலில் நின்றே சன்னலைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது ஆள் வெர்னன் டோபின். உனக்கு நினைவிருக்கும், வியாழக்கிழமைகளில் அப்பாவோடு பௌலிங் கூடத்துக்குப் பந்து உருட்டப் போவாரே, ஒரு கால் இழுத்து நடப்பவர். "ரூடி, பந்து ஓரத்துல விழுந்தாலே ஊரைக் கூட்டுறவன் நீ. உன் கத்தலுக்கு நான் பயப்படுவேனா?" என்று சிரித்தார். முதலில் பழைய பலகைகளைப் பிரித்துவிடலாம், சன்னலைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நட்பை நம்பி அவர் செய்த தவறு அதுதான்.

நான்கு நாள் அமைதியாக வேலை நடந்தது. வெர்னன் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அவித்த முட்டை தின்பார். நான் கீழே போனால், "என்ன பேராசிரியரே, இன்னிக்கு வாயைத் தொறப்பீங்களா?" என்று கேட்பார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, காலையில் காப்பி கொண்டு போனேன். அப்பாவும் கீழே இருந்தார். வெர்னன் வடக்குச் சுவரின் பலகையைக் கழற்றியதும் பின்னால், அந்தக் காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த கரி அறையின் கதவு தெரிந்தது. நீ போன மறுமாதமே அப்பா அதைப் பலகையால் மூடிவிட்டார். கொண்டி வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. வெர்னன் கதவைத் திறந்து, மண்டியிட்டு அதன் உட்பக்கத்தைப் பார்த்தார். உதைபட்டு உதைபட்டுக் கீழ்ப்பலகைகள் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்திருந்தன. அதில் விரலை வைத்துக்கொண்டு, "ரூடி, இதுக்குள்ள எதைப் போட்டு அடைச்சிருந்தே?" என்று கேட்டார்.

"நாய்" என்றார் அப்பா. "ஒரு நாய் இருந்துச்சு. சொன்ன பேச்சு கேக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார், மார்ட்டி. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நம்ம வீட்ல நாயே இருந்ததில்ல" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பா தரையில் கிடந்த கடப்பாரையை எடுத்து என் பக்கம் திரும்பினார். வெர்னன் அந்தக் காலோடு எப்படி அவ்வளவு வேகமாக எழுந்தார் என்று தெரியவில்லை. குறுக்கே வந்து இடது கையை நீட்டினார். முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. இரண்டாவது தோளில். மூன்றாவது தாடையில் விழ, அவர் வாயிலிருந்து இரத்தமும் பல்லும் என் காலணிமேல் தெறித்தன. அதற்குப் பிறகுதான் அவர் நல்ல கையால் அப்பாவைத் தள்ளினார். ஒரே தள்ளு. அப்பா படியின் விளிம்பில் முகம் மோதி விழுந்தார், கன்ன எலும்பு உடைந்தது. எழ முடியாமல் கிடந்தவர், அப்போதும் என் கணுக்காலை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

வேலையை விட்டுப் போகச் சொன்னதால் வெர்னன்தான் முதலில் தாக்கினார் என்று போலீஸிடம் அப்பா சொன்னார். அம்மா அதைப் படியிலிருந்து பார்த்ததாகச் சொன்னாள். "ட்ரீனா சமையலறையில இருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றும் சொன்னாள். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். வழக்கு வெர்னன்மேல் பதிவானது.

போன வாரம் அவர் மனைவி நூலகத்துக்கு வந்தார். என் மேசைமுன் நின்று, குரலை உயர்த்தாமல் பேசினார். "மூணு வாரமா என் புருஷன் கஞ்சியை உறிஞ்சித்தான் குடிக்கிறாரு. தாடைய கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. நீ அங்கதான் இருந்தேன்னு காகிதத்துல எழுதிக் காட்டினாரு. உன்மேல கோவம் இல்லைன்னும் எழுதினாரு. எனக்கு இருக்கு" என்றார்.

அன்று மாலையே வெர்னனின் வக்கீலைப் போய்ப் பார்த்து, நடந்தது முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜூன் 11 காலை நீதிமன்றத்தில் அதையே சொல்வேன். ஒரு கதவைப் பார்த்ததற்காக ஒரு மனிதருக்கு ஏன் அவ்வளவு வெறி வரவேண்டும் என்று கேட்பார்கள். அதற்குள் அடைபட்டுக் கிடந்தது யார் என்று உன் பெயரைச் சொல்ல வேண்டிவரும். அனுமதி கேட்காமலே முடிவு செய்துவிட்டேன். என்மேல் கோபப்பட உனக்கு உரிமை உண்டு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நூலகத்தில் உடன் வேலை செய்யும் நடீன் தன் வீட்டில் ஓர் அறை தந்திருக்கிறாள். ஜூன் பத்தாம் தேதி அங்கே போய்விடுவேன். அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தினமும் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்குச் சாட்சி சொல்லப் பழக்குகிறார். "இன்னொரு தடவ, லோரெய்ன். அவன் எந்தக் கையால அடிச்சான்?" மாற்றிச் சொல்லிவிட்டால் அவளுடைய கையைப் பிடித்துச் சூடான சட்டியில் வைக்கிறார். நேற்று இடது மணிக்கட்டு. தவறு தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டே அம்மா அதில் வெண்ணெய் தடவினாள். என்னோடு வந்துவிடு என்று மூன்று முறை கேட்டேன். "அவருக்குச் சமைக்க யாரு இருக்கா?" என்கிறாள்.

கடலில் உன் படகையும் உன்னையும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ட்டி, நான் சாட்சி சொன்ன பிறகு அப்பா திரும்பி வரும் வீட்டில் அம்மா மட்டும்தான் இருப்பாள். என் பேச்சுக்கு அவள் வரமாட்டாள். வாசலில் உன் குரல் கேட்டால் செருப்புகூடப் போடாமல் வருவாள். நீ உள்ளே காலடி வைக்க வேண்டாம். தெருவிலேயே நின்று ஒரு முறை கூப்பிட்டால் போதும். பதினொன்றாம் தேதிக்கு முன்னால் வா. வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

உன் தங்கை,
ட்ரீனா